வெளியே வருதல் என்னும் வினை

லூயிசா ஒரு ஸ்பானிய வினைச்சொல்லை ஆறு வடிவத்திலும் தப்பில்லாமல் சொன்ன நாட்களில், மாரிகுப்பத்தில் மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் நெட்டுக்குழியான சாஃப்டுக்குள்ளிருந்து கேட்ட தட்டுச் சத்தம் ஒரு லெவல், அதாவது சுரங்கத்தின் ஒரு தளம், மேலே ஏறி வந்தது. தப்பாகச் சொன்ன நாளில் இரண்டு லெவல் கீழே இறங்கிப் போனது. சுரங்கத்தை மூடி அப்போது இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாஃப்டில் பாதிக்கு மேல் தண்ணீர். அதற்குள் ஆள் இருக்க வழியில்லை என்பது மாரிகுப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். தட்டுவது லூயிசாவின் புருஷன் டென்சில் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டென்சில் அந்தச் சமயம் சிலி நாட்டில் ஒரு செம்புச் சுரங்கத்துக்குள், இடிந்து விழுந்த பாறைக்குப் பின்னால், இன்னும் ஐந்து பேரோடு மாட்டிக்கொண்டிருந்தான்.

இதை வரிசையாகச் சொல்வதானால் ஒரு போன் அழைப்பிலிருந்து தொடங்க வேண்டும். லூயிசாவுக்கு முப்பத்தாறு வயது. பெங்களூரில் கே.ஆர். புரம் பக்கம் ஒரு அலுவலகத்தில் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. விடிந்ததும் மாரிகுப்பம் ரயில்வண்டியைப் பிடித்துப் போவாள், பொழுது சாய்ந்து அதே வண்டியில் திரும்புவாள். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் அவளும் மாமனார் கொர்னேலியஸும் மட்டும்தான். கொர்னேலியஸ் அந்த சாஃப்டின் வைண்டிங் இன்ஜினை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவர். கீழே இருப்பவன் மணியை எத்தனை தட்டு தட்டுகிறானோ அதைக் காதால் கேட்டு, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை இறக்கி ஏற்றியவர். அவருடைய ஒரே மகன் டென்சிலுக்குச் சொந்த ஊர்ச் சுரங்கத்தில் வேலை செய்யக் கொடுத்துவைக்கவில்லை; அவன் மீசை முளைப்பதற்குள் அது மூடிவிட்டது. ஹட்டி தங்கச் சுரங்கத்தில் டிரில் மிஷின் ஓட்டப் படித்தான், ஜாம்பியாவில் மூன்று வருஷம் ஓட்டினான், அப்புறம் ஒரு கான்ட்ராக்டர் மூலம் சிலிக்குப் போனான். போன முதல் வருஷம் தினமும் போன் வந்தது. அடுத்த வருஷம் வாரத்துக்கு ஒன்று. இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜனவரிக்குப் பிறகு போன் நின்று, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் கிளம்பும் நேரத்தில் 'நலம்' என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் அவளாகவே கூப்பிட்டாள். ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். ஸ்பானிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். லூயிசாவின் போன் தானாகப் பதிவு செய்யும் போன் என்பதால் அந்த வாக்கியம் அதில் தங்கிவிட்டது. நடுவே காற்றுச் சத்தம், ஏதோ மிஷின் சுற்றும் சத்தம். போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்தால் அது ஒரு நாள் 'கோழி கேட்டார்' என்றது, மறுநாள் 'கோணத்தை அளக்க வேண்டாம்' என்றது. வேறு யாரிடமும் அதைப் போட்டுக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. புருஷன் போனை எவளோ எடுத்தாள் என்று ஒருத்தரிடம் சொன்னால் அது பங்காரப்பேட்டை வரைக்கும் வண்டியிலேயே போய்விடும். ஆகவே அலுவலகத்துக்குப் பின் தெருவில் மஞ்சுநாத் என்பவர் சனிக்கிழமைகளில் நடத்திய ஸ்பானிய வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கூடப் படித்த பதினோரு பேரும் வேலைக்காகப் படித்தார்கள். அவள் ஒரு வாக்கியத்துக்காகப் படித்தாள்.

ஐந்து மாசம் ஆயிற்று. நடப்பதைச் சொல்லும் வடிவம் வந்தது, நடந்ததைச் சொல்லும் வடிவம் வந்தது, அவள் வாக்கியத்தின் கடைசிச் சொல் மட்டும் எதிலும் அடங்கவில்லை. ஜூலை கடைசியில் மஞ்சுநாத் பலகையில் ஒரு புது அட்டவணை எழுதினார். நடக்காததை, ஆனால் யாரோ ஆசைப்பட்டதை, பயந்ததை, வேண்டாமென்று கேட்டுக்கொண்டதைச் சொல்ல அந்த மொழியில் தனியாக ஒரு வடிவம் உண்டு. 'வந்தால்', 'வரட்டும்', 'வரக் கூடாதா' என்று நாம் பிரித்துப் பிரித்துச் சொல்வதையெல்லாம் அவர்கள் வினையின் வாலிலேயே முடிந்துவைத்துவிடுகிறார்கள். முன்னால் ஒரு ஆசையோ சந்தேகமோ இல்லாமல் அந்தச் சொல் தனியாக நிற்காது. அன்றைக்கு வண்டி ஊர்காம் ஸ்டேஷனைத் தாண்டும்போது, காதில் மாட்டியிருந்த ஒயர் வழியாக அந்த வாக்கியம் அவளுக்கு முழுசாக விளங்கிற்று. 'மே பிதியோ கே நோ கொந்தெஸ்தாரா.' எடுத்துப் பதில் சொல்ல வேண்டாமென்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டார்.

அவள் கொர்னேலியஸிடம் எதுவும் சொல்லவில்லை. அழவும் இல்லை. வகுப்பை மட்டும் விடவில்லை. அதை விடுவது, பாதி சேலையை நெய்துவிட்டுத் தறியை விட்டு எழுந்திருப்பது மாதிரி இருந்தது அவளுக்கு. ஆகஸ்டு ஒன்பதாம் தேதி சிலியில் பாறை விழுந்தது. பத்தாம் தேதி சாயங்காலம், வண்டி மாலூரில் நின்றிருந்தபோது, டென்சிலின் நம்பரிலிருந்து போன் வந்தது. அதே குரல். மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நிதானத்தோடு அந்தப் பெண்பிள்ளை பேசினாள். தன் பெயர் யோலாந்தா. சுரங்கக் குடியிருப்பில் தொழிலாளர் உடுப்புகளைத் துவைக்கிறவள். ஆறு பேர் உள்ளே. உயிரோடு இருக்கிறார்கள், தட்டுகிற சத்தம் கேட்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீரும் டப்பா மீனும் எட்டு நாளைக்கு வரும். லூயிசா தனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் நன்றி சொன்னாள். வேறு எதையும் இரண்டு பேரும் பேசவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், இந்தப் பொம்பளை எந்த ஊர் பாஷையில் அழாமல் அழுகிறாள் என்று பார்த்தார்கள்.

மறுநாள் காலை, டீ கொதிக்கும்போது, கை பழக்கத்தில் வகுப்பு நோட்டை எடுத்தாள். அந்த வாரத்து வீட்டுப்பாடம் 'ஸலிர்' என்ற வினை. வெளியே வருவது என்று அர்த்தம். முன்னால் 'ஓஹாலா' என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று மஞ்சுநாத் சொல்லியிருந்தார். ராபர்ட்சன்பேட்டையில் இன்ஷா அல்லா என்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். லூயிசா அடுப்பு முன்னால் நின்று ஆறு வரியையும் வாய்விட்டுச் சொன்னாள். நான் வெளியே வரக் கூடாதா, ஸலியேரா. நீ, ஸலியேராஸ். அவனோ அவளோ, மரியாதையான நீங்களோ, ஸலியேரா. நாம், ஸலியேராமோஸ். நீங்களெல்லாம், ஸலியேரைஸ், சிலியில் யாரும் இதைப் பேசுவதில்லை, ஆனாலும் அட்டவணையில் இருக்கிறது. அவர்கள், ஸலியேரான். டீயை வடிகட்டி முடிப்பதற்குள் கொர்னேலியஸ் வெளியிலிருந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றார்.

"நம்ம சாஃப்டில தட்டறாங்க," என்றார். "மூணு தட்டு. ஆளு ஏறுதுன்னு அர்த்தம். பதினாலாவது லெவல்."

"காத்தா இருக்கும் மாமா."

"காத்து மூணு தட்டிட்டு நிறுத்துமா? சின்ன வயசில அவனுக்கு நாந்தான் கத்துக் குடுத்தேன். அது டென்சில்."

எழுபத்தாறு வயசுக்காரர் சொல்வது என்று அன்றைக்கு அவள் விட்டுவிட்டாள். ஆனால் மறுநாள் பதின்மூன்று, அதற்கு மறுநாள் பன்னிரண்டு. சாஃப்டைச் சுற்றிப் போட்ட வேலிக்குக் காவல் இருந்த வேலு, பழைய காற்றுக் குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தன் பங்குக்கு ஆமாம் என்றான். பக்கத்து வீட்டுப் பார்வதம்மா கேட்டாள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் கேட்டார்கள், பால்காரன் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான். அவள் ஆறு வரியையும் சொல்லி முடித்த கையோடு சத்தம் ஏறியது, அதுவும் ஒரு நாளைக்கு ஒரு லெவல்தான். அதே நாளில் லூயிசா இரண்டாம் முறை சொன்னதற்குப் பலன் இல்லை. திங்கட்கிழமை மத்தியானம், இடம் மாறினால் இன்னொரு ஏற்றம் கிடைக்குமோ என்று அலுவலகத்துப் பின்கட்டில் நின்று சொல்லிப் பார்த்தாள். அங்கே இருந்த போர்வெல் குழாய்க்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே வருவது என்றுதான் அந்த வினை சொல்கிறது, எங்கே என்று சொல்வதில்லை. சொல்கிறவள் நிற்கிற இடம்தான் அதற்கு வெளி. ஆறங்குலக் குழாய் வழியாக ஆறு பேர் வர முடியாது. அதற்கப்புறம் மாரிகுப்பத்துக்கு வெளியே அவள் அந்த வினையைச் சொல்லவில்லை. சனிக்கிழமை வகுப்பில்கூட உதட்டை மட்டும் அசைத்தாள்.

சிலியில் நிலைமை தலைகீழாக இருந்தது. இங்கே சத்தம் ஏற ஏற அங்கே சத்தம் மங்கிக்கொண்டு வந்தது. தினமும் சாயங்காலம் வண்டியில் வரும்போது யோலாந்தா போனில் சொல்வாள்: பாறையைத் துளைத்துக் கருவி இறக்கியிருக்கிறார்கள், நேற்றைவிட இன்று தட்டு தூரமாகக் கேட்கிறதாம், ஆட்கள் மேலே வருவதற்குப் பதிலாகக் கீழே போய்க்கொண்டிருப்பதாக இன்ஜினியர்கள் நினைக்கிறார்கள். எட்டாம் நாள் தண்ணீர்க் கணக்கு முடிந்தது. பன்னிரண்டாம் நாள் கருவியில் ஒன்றுமே கேட்கவில்லை. கம்பெனி ஆள் வந்து குடும்பத்தாரிடம் ஆளுக்கொரு போட்டோ கேட்டதாகவும், எதற்கு என்று சொல்லவில்லை என்றும் யோலாந்தா சொன்னாள். இங்கே ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்று லூயிசா சொல்லலாம். சொல்ல வேண்டிய வினை, காலம், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நாளைக்கு நாக்கு தடுக்கி எல்லாம் கீழே போய்விட்டால் என்ன செய்வது என்று வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆகஸ்டு பதினாறாம் தேதி, சத்தம் பத்தாவது லெவலில் இருந்தபோது, 'நாம்' என்ற வரியில் தடுக்கினாள். ஸலியேராமோஸ் என்பதில் 'யே'யைத் தூக்கிச் சொல்ல வேண்டும். அதன் தலையில் ஒரு சின்னக் கோடு போட்டு எழுதுவதே அதற்காகத்தான். நாம் என்றால் அதில் நானும் அவரும் சேர்ந்தா, இந்த வீட்டில் இனிமேல் அப்படி ஒரு நாம் உண்டா என்ற யோசனை சொல்லுக்கு நடுவில் வந்து, அழுத்தம் 'ரா'வுக்கு நழுவிவிட்டது. அடுத்த நிமிஷம் கொர்னேலியஸ் வாசலில் நின்றார். பன்னிரண்டாவது லெவலுக்குப் போய்விட்டது என்றார். அன்றிலிருந்து அவர் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காற்றுக் குழாய் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பார்வதம்மா கொடுத்தனுப்பிய ராகிக் கூழை மட்டும் குடித்தார்.

லூயிசா பல் துலக்குவதற்கு முன்னால் சொல்வதில்லை, சளி பிடித்த அன்று மிளகு மென்றுவிட்டுச் சொன்னாள். நான் என்ற வரியில் பள்ளத்தின் இருட்டும் ஈரமும் அவள் முகத்தில் அடிக்கும். சொல்லி முடித்தால் முன்நெற்றி முடியில் சாம்பல் நிறப் புழுதி இருக்கும். அவர்கள் என்ற வரியில் ஐந்து பேர் மூச்சு விடுவது கேட்கும். நீ என்ற வரியில் மட்டும் எதுவும் இல்லை. அந்த வரியைச் சொல்லும்போது யாரையும் நினைக்காமல் வாய்ப்பாடு மாதிரி ஓட்டிவிடுவாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் டென்சிலை அவள் நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அதனால் அவனுக்கு உரியது மரியாதையான மூன்றாவது வரி என்று எடுத்துக்கொண்டாள். உண்மையில் நீ என்று சொல்லி அவன் முகத்துக்கு நேரே நிற்க அவளுக்குத் தைரியம் இல்லை. வரக் கூடாதா என்று கேட்டால், வரணுமா என்று அவளுக்குள்ளிருந்தே ஒரு கேள்வி திரும்பி வந்தது.

இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சத்தம் முதல் லெவலுக்கு வந்துவிட்டது. காற்றுக் குழாய் தேவையில்லாமல், வேலி ஓரத்தில் நின்றாலே கேட்டது. சாஃப்ட் வாயில் போட்டிருந்த காங்கிரீட் பலகையின் ஒரு மூலையில் ஆள் இறங்கிப் பார்க்க இரும்புக் கம்பிக் கதவு ஒன்று உண்டு. அதன் பூட்டுச் சாவி எந்த ஆபீசில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. எழுதிக் கேட்டால் மூன்று மாசம் ஆகும் என்றான் வேலு. ஆகவே திங்கட்கிழமை காலை அவனே ஒரு ஹாக்ஸா பிளேடு கொண்டுவந்து பூட்டை அறுத்தான். லூயிசா வேலைக்குப் போகிற சேலையில், கையில் டிபன் பையோடு அங்கேயே வந்து நின்றாள். முப்பது நாற்பது பேர் வேலிக்கு வெளியே நின்றார்கள். லூயிசா ஆறு வரியையும் சொன்னாள்.

எட்டேகால் மணிக்கு முதல் ஆள் தலை தெரிந்தது. ஏணியைப் பிடித்து ஏறி வந்தான். புழுதி பூசி, தாடி வளர்ந்து, கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன், அப்புறம் பெத்ரோ என்கிற நெட்டையான ஆள், அப்புறம் இரண்டு பேர். ஐவருக்கும் பார்வதம்மா தண்ணீர் கொடுத்தாள். வேலு தன் வருகைப் பதிவேட்டை எடுத்து, அவர்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினான். வெளியே போன நேரம் என்ற கட்டத்தில் எட்டேகால் என்று போட்டான். உள்ளே வந்த நேரம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் ஒரு கோடு இழுத்தான். கொர்னேலியஸ் ஐந்து பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறாவது ஆள் வரவில்லை. மூன்று தட்டு மட்டும் கேட்டது, மிகப் பக்கத்தில். அதோடு தண்ணீர் ஏறும் சத்தமும் கேட்டது. இருபத்திரண்டு வருஷமாக அசையாமல் கிடந்த தண்ணீர் ஐந்து பேர் பின்னாலேயே கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது.

லூயிசா டிபன் பையைக் கீழே வைத்தாள். கம்பிக் கதவு ஓரத்தில் முட்டி போட்டு உள்ளே குனிந்தாள்.

"அங்க இருக்கீங்களா?"

"கீறேன்." ஏழு மாசத்துக்குப் பிறகு கேட்ட குரல். காய்ச்சலில் கிடந்தவன் குரல் மாதிரி இருந்தது.

"ஏன் மேல வரல?"

"ஏணி இல்ல லூயி. அவங்க ஏறுறப்ப இருந்திச்சி. நான் கால் வெச்சா இல்ல."

"தெனமும் சொன்னேனே. மூணாவது வரில உங்களத்தான் நெனச்சேன்."

"அது எவன் வேணா ஏறுற வரி. பெத்ரோ ஏறிட்டான். என்னுதுன்னு தனியா ஒண்ணு வரும், ரெண்டாவது. தெனமும் வந்து நிக்கும். காலி கேஜ் மாதிரி. ஏறலாம்னு கால வெப்பேன், அடியில பலகை இருக்காது. இவங்க ஏறுறப்ப தோளப் புடிச்சிக்கினு இதுவரைக்கும் வந்துட்டேன். இதுக்கு மேல ஏணிதான். புடிக்க ஆளு இல்ல."

"தண்ணி எவ்ளோ கீது?"

"இடுப்புக்கு வந்துடுச்சி."

அவளுக்குப் பின்னால் கொர்னேலியஸின் கைத்தடி காங்கிரீட்டில் ஊன்றும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"யோலாந்தா யாரு?" என்று கேட்டாள்.

கீழே தண்ணீர் சுவரில் மோதியது.

"இப்பவா கேக்கற?"

"இப்பதான் கேப்பேன்."

"அப்பா பக்கத்தில கீறாரா?"

"கீறாரு. இன்னும் நாப்பது பேரு கீறாங்க. சொல்லுங்க."

"ஒண்ணரை வருஷமா," என்றான் டென்சில். "அவ தப்பு இல்ல. கல்யாணம் ஆனவன்னு ரொம்ப நாளு நான் சொல்லல. சொன்ன பிறகு, ஊர்லேந்து போன் வந்தா எடுக்காதன்னும் நாந்தான் சொன்னேன். அன்னிக்கு எடுத்துட்டா. அவளுக்குப் பொய் சொல்ல வராது."

"எனக்கும் வராது. நீங்க வெளிய வரணும்னு நான் சொன்னா அது பொய்யாயிடுமோன்னு பயம். அதான் அந்த வரிய வாயால மட்டும் சொல்லிக்கினு வந்தேன், பதினெட்டு நாளா."

"தெரியும். அடியில பலகை இல்லாதப்பவே தெரிஞ்சிக்கினேன்." இருமினான். தண்ணீர் வாயில் போயிருக்க வேண்டும். "உன்ன ஒண்ணும் கேக்கல லூயி. அவங்க அஞ்சு பேரும் வந்துட்டாங்க இல்ல. போதும். அப்பாவ உள்ள இஸ்துகினு போ. பாக்க வேணாம்."

கொர்னேலியஸ் பக்கத்தில் வந்து குனிய முயன்றார், முதுகு வளையவில்லை. "சொல்லும்மா," என்றார். முப்பத்தோரு வருஷம் மணிச் சத்தத்துக்குப் பதில் சொல்லிப் பழகிய மனுஷன் அவள் தோளில் கை வைத்தார். "அவன் பண்ணது தப்புதான். மேல வரட்டும், அப்பறம் கேக்கலாம். கீழ இருக்கறவன எப்பிடிக் கேக்கறது?"

டென்சில் சொன்ன அந்தப் போதும் என்ற சொல்தான் அவளுக்குத் தாங்கவில்லை. மாலூரில் அந்தப் போன் வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது.

"யாருக்குடா போதும்? நீ முடிவு பண்ணுவியா? போன எடுக்கக் கூடாதுன்னு நீ முடிவு பண்ணுவ, சாவறதும் நீ முடிவு பண்ணுவ. நீ அங்க செத்தா இங்க கறுப்புப் பொடவ கட்டி நான் ஒக்காரணும், உனக்காகப் பூசை வெக்கணும், உன்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த பேசணும். அந்தப் பொய்ய நான் சொல்ல மாட்டேன். வெளிய வா. நீ வெளிய வந்து என் மூஞ்சியப் பாத்து நில்லு."

வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லூயிசா அதைக் கவனிக்கவில்லை. அவள் கீழே இருந்த இருட்டைப் பார்த்தாள். அதில் நனைந்த ஒரு முகம் அவளைப் பார்த்தது, கழுத்து வரைக்கும் தண்ணீரோடு. அவனை அவள் மன்னித்திருக்கவில்லை. மன்னிப்பாளா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. அவன் இந்தப் பள்ளத்தில் சாகக் கூடாது என்பது மட்டும், சந்தேகத்துக்கு இடமே இல்லாமல், அவள் உடம்பு முழுக்கத் தெரிந்தது. மற்ற ஐந்து வரியையும் விட்டுவிட்டாள்.

"ஓஹாலா ஸலியேராஸ்," என்றாள்.

இரும்பில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. இன்னொன்று. பத்தொன்பது படி என்று கொர்னேலியஸ் எண்ணினார். டென்சிலின் கை கம்பிக் கதவின் விளிம்பைப் பிடித்தபோது வேலுவும் பெத்ரோவும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவன் எழுந்து நிற்கும் முன்னால் தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்தது. காங்கிரீட் மேல் நாலு விரல் அளவு பரவியது. லூயிசாவின் டிபன் பையை நனைத்துவிட்டு மறுபடி உள்ளே போயிற்று. கொர்னேலியஸ் மகனைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஒரு அறை வைத்தார். அப்புறம் தன் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டிவிட்டார்.

லூயிசா கொஞ்சம் தள்ளிப் போய் நின்று சிலிக்குப் போன் செய்தாள். அங்கே முந்தைய நாள் ராத்திரி. முதல் மணியிலேயே யோலாந்தா எடுத்தாள். ஆறு பேரும் வெளியே வந்துவிட்டார்கள், இங்கே வந்தார்கள், என் ஊரில், என்று லூயிசா நடந்ததைச் சொல்லும் சாதாரண வடிவத்தில் சொன்னாள். அந்தப் பக்கம் நெடுநேரம் அழுகை. பிறகு யோலாந்தா, அவர் திரும்பி வருவாரா என்று கேட்டாள். திரும்பி வருவதற்கு ஸ்பானிய மொழியில் வேறு வினை. வெளியே வருவதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எங்கே திரும்பி என்று லூயிசா திருப்பிக் கேட்கவில்லை. "அந்த வினையை நான் சொல்லவில்லை," என்றாள். "நீயும் இப்போதைக்குச் சொல்லாதே." யோலாந்தா சரி என்றாள். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

சிலியில் பாறையை முழுசாகத் துளைத்து உள்ளே போனபோது ஆறு ஹெல்மெட்டுகள் வரிசையாகக் கவிழ்த்து வைத்தபடி இருந்தன, ஆள் யாரும் இல்லை. கம்பெனிக்காரர்கள் அதை எழுதிக்கொண்டு ஃபைலை மூடினார்கள். ஐந்து சிலிக்காரர்களின் விஷயம்தான் இழுத்தது. பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, எந்த வழியாக நாட்டுக்குள் வந்தீர்கள் என்ற கேள்விக்கு மாரிகுப்பம் சாஃப்ட் என்று பதில் எழுதியதைப் பெங்களூர் அதிகாரி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அது விமான நிலையமும் இல்லை துறைமுகமும் இல்லை என்றார். வேலுவின் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு, அதில் தேதியும் நேரமும் கையெழுத்தும் ஒழுங்காக இருந்ததால், சரி என்று முத்திரை குத்தினார். ஆறு வாரம் அவர்கள் சர்ச் ஹாலில் தங்கினார்கள். பெத்ரோ பார்வதம்மாவிடம் களி கிண்டப் படித்துக்கொண்டு போனான்.

டென்சில் அப்பா வீட்டில் முன்னறையில் படுத்துக்கொள்கிறான். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல் அறுக்கும் பட்டறையில் வேலை. உள்ளறையில் லூயிசா. இடையில் உள்ள கதவைச் சாத்துவதும் இல்லை, தாண்டுவதும் இல்லை. அவள் இன்னும் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறாள். அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். ஒரு நாள் கொர்னேலியஸ், தயங்கித் தயங்கி, திரும்பி வருவதுன்னு ஒரு வெர்ப் கீதாமே, அதையும் ஒரு வாட்டி சொல்லிப் பாரேன் என்றார். படிச்சிக்கினு கீறேன் மாமா, அது ரொம்ப ஒழுங்கில்லாத வெர்ப் என்றாள் அவள்.

மூடின சாஃப்டிலிருந்து ஆறு பேர் ஏறி வந்ததை மாரிகுப்பம் பத்து நாளில் ஜீரணித்துவிட்டது. அந்தக் காலத்தில் ஷிஃப்டுக்கு ஆயிரம் பேர் அதே வாய் வழியாக வந்தவர்கள்தானே, ஆறு என்ன பெரிசு என்றார்கள். ஜனங்களுக்கு ஆறாமல் இருந்தது வேறொன்று. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு லூயிசா புருஷனை நீங்க என்று கூப்பிடவே இல்லை. கடையில், ஸ்டேஷனில், மாமனார் முன்னால், எங்கேயும் நீதான். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, படிக்கட்டு நிறைய ஜனம் நிற்கும்போது, அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "நீ முன்னால போ," என்றாள். பாட்டு வாத்தியாரின் மனைவி ஆனி தலையைத் திருப்பிக்கொண்டாள். அவன் முன்னால் நடந்தான்.